வெனிசுவேலாவை மேடையில் பேச வருகிறவர்களுக்கு

இந்தத் தடவை தலைப்பு நான் கொடுத்ததில்லை. வாசகர் வட்டத்துப் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கியது: "வெனிசுவேலாவைச் சாய்த்தது உள்வீட்டு நிர்வாகமா, வெளிநாட்டுத் தலையீடா?" பாளையங்கோட்டையில் இதைக் கேட்க யாரு வருவா என்றேன். "பெட்ரோல் விலைன்னு நோட்டீஸ்ல ஒரு வார்த்தை போட்டா எல்லாரும் வருவாங்க டீச்சர்" என்றான் ஒருத்தன். சரி. நடுவர் நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டீர்கள். பேசப்போகிற நாலு பேருக்கும் ஒரே குறிப்பை எழுதித் தருகிறேன். பன்னிரண்டாம் வகுப்புக்குக் காலமெல்லாம் பொருளியல் எடுத்தவளுக்குக் குறிப்பு எழுதாமல் கை நிற்காது. அணிக்கு ஒரு ரகசியம் என்று எதுவும் இதில் இல்லை. எதிரணி என்ன சொல்லும் என்று தெரிந்துகொண்டே மேடை ஏறுங்கள்.

முதலில் தேதித் தாள்

பேச்சை எழுத உட்காரும் முன் ஒரு முழு வெள்ளைத்தாளை நீளவாக்கில் மடியுங்கள். இடப்பக்கம் உள்ளே நடந்தது, வலப்பக்கம் வெளியிலிருந்து வந்தது, மடிப்புக்கோட்டில் வருடம். இந்தத் தலைப்பில் உலவுகிற தப்புகளில் முக்கால்வாசி தேதி இடம் மாறியதால் வருபவை. 2014இல் மாவுக்கும் பாலுக்கும் கடைமுன் வரிசை நின்றதற்கு 2019இல் அமெரிக்கா போட்ட எண்ணெய்த் தடையைக் காரணம் காட்டுவார்கள். 2020இல் எண்ணெய் உற்பத்தி தரைதட்டியதற்கு 2003இல் அன்றைய அதிபர் சாவேஸ் எண்ணெய் நிறுவனத்து ஆட்களை நீக்கியதை மட்டும் காரணம் காட்டுவார்கள். இரண்டும் கைதட்டல் வாங்கும். இரண்டுக்கும் நான் மதிப்பெண் போட மாட்டேன்.

பழைய கதைக்கு நாலு வரி போதும். 1922 டிசம்பரில் மராகைபோ ஏரிப் பக்கம் பரோசோ-2 என்ற கிணறு ஒன்பது நாள் அடங்காமல் பீறிட்டது; அன்றிலிருந்து அந்த நாட்டுக்கு எண்ணெய்தான் எல்லாம். 1960இல் பாக்தாத்தில் ஒபெக் என்ற எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பைத் தொடங்கிய ஐந்து நாடுகளில் அதுவும் ஒன்று. 1976 ஜனவரி 1 அன்று எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமை ஆக்கி பி.டி.வி.எஸ்.ஏ. என்ற அரசு நிறுவனத்திடம் கொடுத்தார்கள். இந்தத் தேதியை அடிக்கோடிடுங்கள். செய்தவர் அன்றைய அதிபர் கார்லோஸ் ஆந்த்ரேஸ் பெரெஸ். சாவேஸ் அப்போது ராணுவக் கல்லூரியை முடித்த இளம் அதிகாரி. "சாவேஸ் வந்துதான் எண்ணெயை அரசு எடுத்தது" என்று யாராவது தொடங்கினால் எதிரணி அங்கேயே பிடித்துக்கொள்ளும்.

அதேபோல, "சோசலிசம் வந்தது, நாடு கெட்டது" என்று ஒரே மூச்சில் முடிக்க நினைப்பவர்கள் 1983, 1989 இரண்டுக்கும் பதில் வைத்துக்கொள்ள வேண்டும். 1983 பிப்ரவரி 18இல் அந்த நாட்டு நாணயமான பொலிவாரின் மதிப்பு உடைந்தது. அங்கே அதைக் கறுப்பு வெள்ளி என்பார்கள். 1989 பிப்ரவரி 27இல் ஐ.எம்.எஃப். என்ற பன்னாட்டு நிதியம் சொன்ன சீர்திருத்தப்படி பெட்ரோல் விலை ஏற, பஸ் கட்டணம் ஏற, தலைநகர் காரகாஸின் தெருக்கள் பற்றி எரிந்தன. ராணுவம் சுட்டதில் நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். அப்போது சோசலிச ஆட்சி எங்கே இருந்தது? எண்ணெய் விலை இறங்கும்போதெல்லாம் ஆட்டங்காணும் வழக்கம் சாவேஸுக்கு முந்தியது.

எண்ணெய் வருமானத்தை நம் ஊர்க்காரருக்குச் சொல்வது

ஏற்றுமதி வருமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து எண்ணெயிலிருந்து வந்தது என்று சொன்னால் கூட்டம் தலையாட்டும், ஆனால் மனசில் ஒட்டாது. ஏர்வாடி, மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கம் உள்ள எந்த வீட்டுக்கும் தெரிந்த கணக்காகச் சொல்லுங்கள். மகன் சவுதியில். மாசம் பிறந்தால் பணம் வருகிறது. பிசானத்துக்கு வயலில் இறங்கி என்ன கண்டோம் என்று நிலத்தைத் தரிசு போட்டாயிற்று. அரிசியும் காசுக்கு, மிளகாயும் காசுக்கு. ஊரே இப்படி இருந்தால் கூலி ஏறும், மனை விலை ஏறும், கொஞ்சநஞ்சம் விவசாயம் பார்த்தவனுக்கும் கட்டுப்படியாகாது. ஒருநாள் அங்கே வேலை போய்விடுகிறது. அப்போது வயலைப் பார்த்தால் வாய்க்கால் தூர்ந்து கிடக்கும். பொருளியலில் இதற்கு டச்சு நோய் என்று பெயர். நெதர்லாந்தில் எரிவாயு கிடைத்தபின் தொழிற்சாலைகள் நொடித்ததை வைத்து வந்தது. பெயரைச் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள், சவுதி மகன் போதும்.

உள்வீட்டு அணிக்கு

உங்கள் கையிருப்பு அதிகம். அதனாலேயே சிதறிவிடுவீர்கள். எல்லாவற்றையும் அள்ளாதீர்கள்.

முதலில் சாவேஸுக்கு உரியதைக் கொடுத்துவிடுங்கள். 1998 டிசம்பரில் அவர் ஜெயித்தபோது பீப்பாய் பத்து டாலர் அளவில் கிடந்தது. 2008 ஜூலையில் உலகச் சந்தையில் 147 டாலரைத் தொட்டது. பாதிக்குப் பக்கமாக இருந்த வறுமை மூன்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. குடிசைப் பகுதிகளில் கியூபா மருத்துவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். இதை நீங்களே சொல்லிவிட்டால் எதிரணிக்கு அந்தக் கைதட்டல் போயிற்று.

பிறகு பணமாற்று விஷயத்துக்கு வாருங்கள். உங்கள் பேச்சில் பாதி நேரம் இதற்கே கொடுக்கலாம் என்பேன். 2003இல் டாலருக்கு அரசே விலை வைத்தது. அரிசி, மாவு, பால், சமையல் எண்ணெய்க்கும் விலை வைத்தது. 2013 பிப்ரவரியில் அரசு விலை டாலருக்கு 6.30 பொலிவார். 2014 முடிவதற்குள் கள்ளச்சந்தையில் அது நூறைத் தாண்டியது. மேடையில் நின்று கூட்டத்தைக் கேளுங்கள்: ஒரு டாலரை ஆறேகாலுக்கு வாங்கி நூறுக்கு விற்க வழி இருந்தால் யார் மாவு அரைப்பான்? "மருந்து இறக்குமதி செய்கிறேன்" என்று ரசீது காட்டி டாலர் வாங்கியவர்கள் ரசீதைப் பெருக்கிக் காட்டினார்கள். அரசு வைத்த விலைக்கு விற்றால் நட்டம் என்பதால் ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன. இறங்கிய சரக்கு எல்லை கடந்து கொலம்பியாவுக்குப் போனது. இதில் யாரும் கெட்டவனாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அந்த ஏற்பாடே ஆளைக் கெடுக்கும்.

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி ஆட்கள் முன்வரிசையில் இருந்தால் அக்ரோயிஸ்லேஞ்ஞா கதையைச் சொல்லுங்கள். நாடு முழுக்க விதை, உரம், பூச்சிமருந்து விற்ற தனியார் நிறுவனம் அது. விவசாயிக்குக் கடனும் கொடுத்தது. 2010இல் அரசு எடுத்து வேறு பெயர் வைத்தது. பிறகு விதை இல்லை, உரம் இல்லை. அதே 2010இல் எண்ணெய் நிறுவனத்தின் கிளை இறக்குமதி செய்த உணவு, துறைமுகத்தில் கன்டெய்னர் கன்டெய்னராக அழுகிக் கிடந்தது. எண்ணெய் நிறுவனத்தைப் பலசரக்குக் கடை நடத்தவிட்டால் இரண்டு வேலையும் கெடும்.

சேமிப்பு பற்றி ஒரு வரி: விலை ஏறும்போது எடுத்து வைக்க 1998இல் ஒரு நிதியம் இருந்தது, அதைக் கரைத்துவிட்டார்கள். கடன் பற்றி ஒரு வரி: 2007 முதல் சீனாவிடம் 5,000 கோடி டாலருக்கு மேல் வாங்கி, அதை எண்ணெயாகத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். ஆக 2014இல் விலை சரிந்தபோது ஏற்றிய பீப்பாயிலும் ஒரு பகுதிக்குக் காசு வரவில்லை.

வெளிநாட்டுத் தலையீட்டு அணிக்கு

"எல்லாம் அமெரிக்காக்காரன் பண்ணுனதுதான டீச்சர், பேப்பர்லயே போட்டிருக்காம்லா" என்று தொடங்கிய பிள்ளைக்குச் சொல்கிறேன். ஏட்டி, உன் பக்கம் பலமான வழக்கு இருக்கிறது, ஆனால் அது நீ நினைக்கிற இடத்தில் இல்லை.

வலப்பக்கத் தாளை 1902இல் தொடங்கு. கடனைக் கட்டவில்லை என்று பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி மூன்றும் போர்க்கப்பல் அனுப்பி வெனிசுவேலாத் துறைமுகங்களை முற்றுகையிட்ட வருடம் அது. வசூலுக்குக் கப்பல் விடுவது அந்தக் கடற்கரைக்குப் புதிதில்லை என்று காட்டிவிட்டு நேரே 2002க்கு வா. ஏப்ரலில் ஒரு ராணுவக் கவிழ்ப்பு, பெத்ரோ கார்மோனா என்ற வணிகர் சங்கத் தலைவர் அதிபராக இரண்டு நாள் உட்கார்ந்தார். வெள்ளை மாளிகை அன்று பழியைச் சாவேஸ் அரசின் மேலேயே போட்டது. சாவேஸ் திரும்பி வந்தார். டிசம்பரில் எண்ணெய் நிறுவனத்தில் வேலைநிறுத்தம். முடிவில் அவர் நீக்கியது சுமார் 18,000 பேரை. இந்த நீக்கத்தை எதிரணி தன் தாளில் எழுதியிருக்கும், காரணமான கவிழ்ப்பை எழுதியிருக்காது. அதை நீ எழுது.

அதன்பின் வரிசை: 2015 மார்ச்சில் ஒபாமா ஏழு அதிகாரிகள் மேல் போட்ட தடை, அது ஆட்கள் மேல், நாட்டு வணிகத்தின் மேல் இல்லை. 2017 ஆகஸ்டில் டிரம்ப் போட்ட நிதித் தடை. வெனிசுவேலா அரசும் பி.டி.வி.எஸ்.ஏ.வும் அமெரிக்கச் சந்தையில் புதுக் கடன் எடுக்க முடியாது. 2019 ஜனவரி 23இல் எதிர்க்கட்சித் தலைவர் குவாய்டோ தன்னைத்தானே இடைக்கால அதிபர் என்று அறிவித்தார். அமெரிக்காவும் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளும் ஒப்புக்கொண்டன. ஐந்து நாள் கழித்து பி.டி.வி.எஸ்.ஏ. மேலேயே தடை.

இந்தக் கடைசித் தடை எப்படி வேலை செய்தது என்று விளக்குகிறவர்தான் என் கணக்கில் நல்ல பேச்சாளர். ஒரினோகோ ஆற்றுப் பகுதி எண்ணெய் மிகக் கெட்டி. நாப்தா மாதிரி லேசான ஒன்றைக் கலந்தால்தான் குழாயில் நகரும், கப்பலில் ஏறும். அந்த நாப்தா அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்தக் கெட்டி எண்ணெயைக் காய்ச்ச ஏற்ற ஆலைகளும் அமெரிக்கத் தென்கரையில் இருந்தன. ஒரே கையெழுத்தில் வாங்குபவனும் போனான், கலக்கும் சரக்கும் போனது. 2020 மே மாதம் பெட்ரோலை ஈரான் கப்பலில் கொண்டுவந்து இறக்கவேண்டி வந்தது, உலகிலேயே அதிக எண்ணெய் இருப்புள்ள நாட்டுக்கு. உள்ளே ஆலைகள் பழுதாகிக் கிடந்ததும் அதற்குக் காரணம் என்று எதிரணி எழும், எழட்டும்.

தங்கத்தை விடாதே. பாங்க் ஆஃப் இங்கிலாந்தில் வெனிசுவேலாவின் தங்கம் சுமார் 31 டன். கேட்டபோது கிடைக்கவில்லை, சாவேஸுக்குப் பின் ஆட்சிக்கு வந்த மதுரோவை பிரிட்டன் அதிபராக ஏற்கவில்லை என்பது வாதம். நம் ஊரில் இது எடுபடும், ஏனென்றால் 1991இல் நாமும் டாலர் இல்லாமல் 47 டன் தங்கத்தை ஈடு வைத்தோம், அதில் பாங்க் ஆஃப் இங்கிலாந்தும் உண்டு. கடனை அடைத்தோம், ஈடு தீர்ந்தது. அன்று நம் பிரதமர் யார் என்பதில் லண்டனுக்குச் சந்தேகம் இருந்திருந்தால் என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்.

ஒன்று மட்டும் செய்யாதே: வ.உ.சி.யை இழுக்காதே. இழுப்பாய் என்று தெரியும். நெல்லைச் சீமையில் அந்நியத் தலையீடு என்றால் நாக்கில் வருவது அதுதான். 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல், வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து அடித்தது, 1908இல் சிறை, 1911இல் கம்பெனி மூடல். மண்டபம் எழுந்து நிற்கும். ஆனால் வ.உ.சி. கையில் மத்திய வங்கி இல்லை, ராணுவம் இல்லை, நோட்டு அடிக்கும் அச்சகம் இல்லை. மதுரோவிடம் மூன்றும் இருந்தன. எதிரணியில் யாராவது அமைதியாக எழுந்து இதைச் சொன்னால் உன் பேச்சு அத்தோடு சரி.

அந்தப் பதினேழு மாதம்

உண்மையான சண்டை 2017 ஆகஸ்டுக்கும் 2019 ஜனவரிக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு அணியும் இங்கேதான் மோத வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

2015இல் நாளுக்கு 24 லட்சம் பீப்பாய் அளவில் இருந்த உற்பத்தி, 2017 ஆகஸ்டில் 19 லட்சம் அளவுக்கு வந்திருந்தது. எண்ணெய்த் தடை வருவதற்கு முன்பே, 2018 முடிவில், 12 லட்சத்துக்கும் கீழே. இந்த வீழ்ச்சி யாருடையது?

வெளிநாட்டு அணி சொல்ல வேண்டியது: விலைச் சரிவில் 2016இல் கொலம்பியாவின் உற்பத்தியும் இறங்கியது, ஆனால் அது நின்றது, வெனிசுவேலா மட்டும் நிதித் தடைக்குப் பின் செங்குத்தாக விழுந்தது. கடன் இல்லாமல் உதிரிபாகம் இல்லை, கிணறு பராமரிப்பு இல்லை. உள்வீட்டு அணியின் பதில்: 2017 நவம்பரில் மதுரோ பி.டி.வி.எஸ்.ஏ.வின் தலைமையை மானுவேல் கெவேதோ என்ற ராணுவத் தளபதியிடம் கொடுத்தார், எண்ணெய்த் தொழிலில் அனுபவம் இல்லாதவர். அதே மாதம் முன்னாள் எண்ணெய் அமைச்சர்கள் இருவர் கைது. சம்பளம் செல்லாக்காசாகி இன்ஜினியர்கள் நாட்டைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். 2017 நவம்பரில் கடன் தவணையும் தவறியது; அந்த நிலையில் தடை இல்லாவிட்டாலும் யார் கடன் கொடுத்திருப்பார்?

இரண்டுக்கும் பலம் உண்டு. 2017, 2018இல் தடையால் 40,000 பேர் செத்தார்கள் என்று வைஸ்ப்ராட், சாக்ஸ் என்ற பொருளியலாளர்கள் இருவர் 2019இல் எழுதினார்கள். அந்த எண்ணை எடுத்துப் போடுகிறவர், வீழ்ச்சி தடைக்கு முன்பே தொடங்கியது என்று வேறு பொருளியலாளர்கள் அதை மறுத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மறைத்துச் சொன்னால் நான் மணி அடிப்பேன்.

எண் சொல்லும் விதம்

ஒரு பேச்சாளருக்கு மூன்று எண், அதற்கு மேல் வேண்டாம். அளந்த எண்ணையும் ஊகித்த எண்ணையும் கலக்காதீர்கள். 2018க்குப் பத்து லட்சம் சதவீதப் பணவீக்கம் என்பது ஐ.எம்.எஃப். முன்கூட்டிச் சொன்னது, அந்த நாட்டு மத்திய வங்கியே பிறகு ஒப்புக்கொண்ட எண் 1,30,060 சதவீதம். சின்னதாகத் தெரிகிறதா? ஜனவரியில் பத்து ரூபாய்க்குக் குடித்த டீ, டிசம்பரில் பதின்மூவாயிரம் ரூபாய். பொலிவாரில் 2008இல் மூன்று பூச்சியம் வெட்டினார்கள், 2018இல் ஐந்து, 2021இல் ஆறு. மொத்தம் பதினான்கு. இதைக் கரும்பலகை வைத்து எழுதிக் காட்டுங்கள், வாயால் சொன்னால் நிற்காது.

வெளியேறியவர்கள் சுமார் 79 லட்சம் பேர் என்கிறது ஐ.நா. கணக்கு. தென்காசி பிரிவதற்கு முன்னிருந்த முழு நெல்லை மாவட்டத்துக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கில் 30.77 லட்சம். அந்த மாதிரி இரண்டரை மாவட்டம் காலி.

நமக்கென்ன என்று கேட்பவருக்கு ஒரு பதில் வைத்திருங்கள். அந்தக் கெட்டி எண்ணெயைக் காய்ச்சத் தெரிந்த ஆலைகளில் ஜாம்நகர் ரிலையன்ஸ் ஆலையும் ஒன்று. அங்குள்ள சான் கிறிஸ்தோபல் எண்ணெய் வயலில் நம் ஓ.என்.ஜி.சி. விதேஷுக்கு 40 சதவீதப் பங்கு 2008 முதல் இருக்கிறது. அதன் லாபத்தொகை வருடக்கணக்கில் சிக்கிக் கிடந்தது. 2025 மார்ச்சில், வெனிசுவேலா எண்ணெய் வாங்கும் நாட்டுச் சரக்குக்கு 25 சதவீத வரி என்று டிரம்ப் மிரட்டியபோது அது நம்மையும் பார்த்துச் சொன்னதுதான்.

2026 ஜனவரி 3

இது தாளின் வலப்பக்கத்துக் கடைசி வரி. 2025 செப்டம்பரிலிருந்து கரீபியன் கடலில் படகுகளைக் குண்டு போட்டு அழித்தார்கள், டிசம்பரில் எண்ணெய்க் கப்பலைப் பிடித்தார்கள், ஜனவரி 3 அன்று அமெரிக்கப் படை காரகாஸில் இறங்கி மதுரோவையும் அவர் மனைவி சீலியா ஃப்ளோரஸையும் பிடித்து நியூயார்க்குக்குக் கொண்டுபோனது. துணை அதிபராக இருந்த டெல்சி ரோட்ரிகஸ் பொறுப்பேற்றார்.

இதை வைத்து இரண்டு அணியும் தடுமாறும் என்று எதிர்பார்க்கிறேன். வெளிநாட்டு அணி, "பார்த்தீர்களா, அதனால்தான் நாடு சாய்ந்தது" என்று முடிக்கும். சாய்ந்தது 2014இல் தொடங்கி. 2026இல் நடந்தது அதற்குக் காரணமாக முடியாது. உள்வீட்டு அணி, "கெட்ட ஆட்சி, போனது நல்லது" என்று முடிக்கும். 2024 ஜூலை 28 தேர்தலில் மதுரோ ஜெயித்தார் என்று அறிவித்த ஆணையம் வாக்குச்சாவடிவாரியான கணக்கை வெளியிடவில்லை. எதிர்க்கட்சி வெளியிட்ட தாள்களில் அதன் வேட்பாளர் எட்மண்டோ கொன்சாலேஸ் முன்னால் இருந்தார். அதெல்லாம் சரி. ஆனால் ஒரு நாட்டின் மண்ணில் இன்னொரு நாடு படையோடு இறங்கக் கூடாது என்பது ஐ.நா. சாசனத்தின் 2(4); அது நல்ல ஆட்சிக்கு மட்டும் என்று எழுதவில்லை. ஆகவே இந்த வரியைத் தனிக் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள், தலைப்புக்குச் சாட்சியாக இழுக்க வேண்டாம்.

கேள்வி நேரத்தில் யாராவது கட்டாயம் கேட்பார்: "நம்ம ரூபாய்க்கும் இப்படி ஆவுமா?" அந்தக் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். நாம் எண்ணெய் விற்பவர் இல்லை, வாங்குபவர். விலை இறங்கினால் நமக்கு ஆதாயம். ஏற்றுமதி ஒரே சரக்கில் இல்லை. டாலர் விலையை 6.30 மாதிரி ஆணி அடித்து வைக்கவும் இல்லை. ஒருவருக்கு எட்டு நிமிடம், ஏழாவது நிமிடத்தில் ஒரு மணி. தேதித் தாள்களை முந்தின நாள் சாயங்காலமே என் வீட்டில் கொண்டுவந்து கொடுங்கள்.